ஒரு மணிக்குத் தானாக ஓடிய வேலை

தொண்ணூறுகளின் நடுவில் மூன்று வருடம், கோவை கோர்ட்டுக்குப் பின்னாலிருந்த ஒரு வக்கீல் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் ஆபரேட்டராக இருந்தேன். அலுவலகம் என்றால் பழைய வீடுதான். முன்னறையில் வக்கீல் சார், நடு அறையில் கட்டுக்கட்டாகக் காகிதங்களோடு குமாஸ்தா, பின்கட்டில் கண்ணாடித் தடுப்பு போட்ட சின்ன அறையில் நான். அந்த அறைக்கு மட்டும் ஏசி. அது எனக்காக வைத்ததில்லை, கம்ப்யூட்டருக்காக. செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

எங்கள் தெருவிலிருந்து துடியலூர் பஸ் நிறுத்தத்துக்கு நடந்து வந்து, நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கும் வேலைக்குப் போன முதல் பெண் நான்தான். அப்பாவும் அம்மாவும் அப்போதும் தோட்டங்களில் கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். வேலை கிடைத்த நாளில் அப்பா ஒன்றே ஒன்று சொன்னார். அங்கே காதில் விழுவதை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட வேண்டும் என்றார்.

அதை நான் ஒழுங்காகக் கடைப்பிடித்தேன். வழக்கு மனு, வாக்குமூலம், கிரயப் பத்திரம், உயில் எல்லாம் என் விரல் வழியாகத்தான் போகும். படிக்காமலே அடிக்கப் பழகிக்கொண்டேன். கண் எழுத்தைப் பார்க்கும், மனம் வேறெங்காவது இருக்கும்.

நான் சேர்ந்த புதிதில் ஒருமுறை கம்ப்யூட்டர் பழுதாகி ஒரு வாரம் அடித்தது அத்தனையும் போய்விட்டது. அதற்குப் பிறகு சர்வீஸ்காரர் வந்து ஓர் ஏற்பாடு செய்துகொடுத்தார். தினமும் மதியம் ஒரு மணிக்குக் கம்ப்யூட்டர் தானாகவே எங்கள் கோப்புகள் எல்லாவற்றையும் எடுத்துச் சுருக்கி, ஒரே சிறு கோப்பாக்கி, ட்ரைவில் இருக்கும் ஃப்ளாப்பியில் எழுதிவிடும். கிழமைக்கு ஒன்றாக ஆறு ஃப்ளாப்பிகள். சாப்பிடப் போகுமுன் அன்றைய கிழமையின் ஃப்ளாப்பியைப் போட்டுவிட்டுப் போக வேண்டும், அவ்வளவுதான். நான் அந்நேரம் குமாஸ்தாவோடு பின்வாசல் பக்கம் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்திருப்பேன். திரும்பி வந்தால் வேலை முடிந்தது என்று திரையில் ஒரு வரி இருக்கும். இரண்டு வருடத்தில் ஒருநாள்கூட அந்த வேலை நடப்பதை நான் கண்ணால் பார்த்ததில்லை.

அந்த ஐப்பசியில் அன்னூர்ப் பக்கமிருந்து ஒரு பெரியவர் உயில் எழுத வந்தார். எழுபது வயதிருக்கும். சாரிடம் பழைய பழக்கம். சொத்து விஷயமெல்லாம் சார் எழுதிக்கொடுத்துவிட்டார். ஒரு பகுதியை மட்டும் தானே சொல்வேன், குமாஸ்தாகூட இருக்க வேண்டாம் என்றார் பெரியவர். சார் அவரைக் கண்ணாடி அறைக்குக் கூட்டிவந்து என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். பெரியவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. இந்தப் புள்ள எந்த ஊரு என்று சாரைக் கேட்டார். சார் சொன்னார். ஊர் தெரிந்ததும் தெருவும் அவருக்குப் புரிந்திருக்கும். திரையைப் பார்த்தபடியே சொல்ல ஆரம்பித்தார்.

"எங்க சனத்துல எரிக்கறதுதானுங்க வழக்கம். என்னைய எரிக்க வேண்டாம்னு எழுதுங்க."

அவருக்கு மூத்தது ஒரு பெண் குழந்தை. பிறந்து பதினொரு நாள் இருந்துவிட்டுப் போய்விட்டது. அவரும் அவருடைய அப்பாவும் ஒரு பண்ணையாளுமாகக் கொண்டுபோய், மாடு மேய விட்டிருந்த தங்கள் சொந்தக் காட்டில், கிளுவை வேலியோரமாகப் புதைத்துவிட்டு வந்தார்கள். கல் நடவில்லை. பெற்றவளுக்கும் இடத்தைக் காட்டவில்லை. அந்தக் காலத்தில் காட்ட மாட்டார்கள். கூட வந்த இருவரும் இறந்து பல வருடம் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு பிறந்த இரண்டு மகன்களுக்கும் அப்படி ஒரு அக்கா இருந்ததே தெரியாது. தெற்கு வேலியில் ஆள் நுழையும் கடவுக்கு அடுத்து நிற்கும் வெள்வேல மரத்திலிருந்து கிழக்கே ஒன்பது தப்படி. அந்த இடத்துக்குப் பக்கத்தில் தன்னைப் புதைக்க வேண்டும் என்றார்.

அன்றைக்கு என்னால் படிக்காமல் அடிக்க முடியவில்லை. அச்செடுத்துக் கொடுத்தபோது அவர் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். சரியாக இருக்கிறது, வளர்பிறையில் நல்ல நாள் பார்த்து வந்து கையெழுத்துப் போடுகிறேன் என்று கிளம்பிப் போனார்.

பன்னிரண்டாம் நாள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். ஆள் பாதியாகியிருந்தார். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் படியேறினார். முன்னறையில் உட்கார்ந்தவர் தண்ணீர்கூட வாங்கவில்லை. சார் என்னையும் கூப்பிட்டனுப்பினார்.

பெரியவர் சொன்னது இதுதான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாட்டைப் பிடிக்கக் காட்டுக்குப் போயிருக்கிறார். வெள்வேல மரத்துக்குக் கிழக்கே முறம் அகலத்துக்குப் புல் செதுக்கி மண் கூட்டியிருந்தது. நடுவில் செவ்வரளிப் பூ. எண்ணிப் பார்த்திருக்கிறார்.

"பதினொண்ணு பூவுங்க," என்றார். "பதினோரு நாளுங்க அது இருந்துது."

அடுத்த வாரம் போனால் பழைய பூவை எடுத்துவிட்டுப் புதுப் பூ வைத்திருந்தது. அதுவும் பதினொன்று. பக்கத்தில் எண்ணெய் ஊற்றிய ஓர் அகல் விளக்கு, திரி கருகிப்போய் இருந்தது. வேலிக் கடவு சாத்தியபடியே இருந்தது. வீட்டில் யாரிடமும் கேட்க முடியவில்லை. கேட்டால் என்ன இடம் என்று சொல்ல வேண்டி வரும்.

"கூப்புடுதாட்ட இருக்குதுன்னு நெனச்சேனுங்க. போற நேரம் வந்துபோட்டா போவலாம். ஆனா இங்க ஒருக்கா கேட்டுப்போட்டுப் போலாம்னு வந்தேன். இந்தச் சேதி இந்த மூணு பேருக்குத்தானுங்க தெரியும்."

சார் என்னைப் பார்த்தார். யாரிடமாவது சொன்னாயா அம்மணி என்று மெதுவாகத்தான் கேட்டார். இல்லை சார் என்றேன். இந்தப் புள்ளையைத் தான் ஒன்றும் சொல்லவில்லை என்றார் பெரியவர். சொல்லிவிட்டு, வாசலில் நான் கழற்றி விட்டிருந்த செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அதற்கு மேல் நிற்க முடியவில்லை.

சார் சொல்லவில்லை. பெரியவர் சொல்லவில்லை. மிச்சம் நான்தான். சொல்லாததைச் சொல்லிவிட்டது போன்ற ஒரு குற்ற உணர்ச்சி வந்துவிட்டது. பஸ்ஸில் யாரிடமாவது வாய் தவறிச் சொல்லியிருப்பேனோ என்று ஒவ்வொரு நாளாக நினைத்துப் பார்த்தேன். வீட்டில் அம்மாவிடம் நான் தூக்கத்தில் பேசுகிறேனா என்று கேட்டேன். முனகுவாய், என்ன சொல்கிறாய் என்று புரியாது என்றாள் அம்மா. அதைக் கேட்டதிலிருந்து தூங்கவே பயமாக இருந்தது. நான் அடித்த பதினொன்று என்ற எண்ணை, எனக்குத் தெரியாமல் என் வாயே எடுத்துக்கொண்டுபோய் எங்கோ ஒரு காட்டில் வைத்துவிட்டதாகத் தோன்றியது. எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை இல்லை. ஆனால் அன்றிரவு முழுக்க அந்தக் குழந்தையைத் தவிர வேறெதையும் நான் நினைக்கவில்லை.

மறுநாள் குமாஸ்தா சாப்பாட்டு நேரத்தில் எனக்காகக் காத்திராமல் முன்னாலேயே போய்விட்டார். அவருக்கு விஷயம் எட்டியிருந்தது. எனக்குப் பசியில்லை. கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு அறையிலேயே இருந்தேன். வெளியே கோர்ட் மதியத்துக்குக் கலைந்து, சந்தே ஓசையற்றுப் போயிருந்தது.

சுவரோரமாகத் தலை சாய்த்திருந்தேன். யாரோ பல்லைக் கடிப்பது போல ஒரு சத்தம். நிமிர்ந்து பார்த்தால் ட்ரைவின் பச்சை விளக்கு எரிகிறது. விசைப்பலகைப் பக்கம் யாரும் இல்லை. திரை தானாகக் கறுத்து, வெள்ளை எழுத்தில் ஒவ்வொரு பெயராக வந்து மேலே ஏறியது. நான் அடித்த கோப்புகளின் பெயர்கள். விவாகரத்து மனு கொடுத்த பெண்ணின் பெயர், நிலத் தகராறில் இருக்கும் அண்ணன் தம்பிகளின் பெயர், அப்புறம் பெரியவரின் பெயர். யாரோ எனக்கெதிரே நின்றுகொண்டு ஆஜர்ப் பட்டியலை வாசிப்பதைப் போல இருந்தது. ஒவ்வொரு பெயருக்கும் அந்தச் சத்தம் ஒருமுறை கேட்டது. தினமும் இதே நேரத்தில், நாங்கள் சிரித்துப் பேசிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, ஆளில்லாத அறையில் இது நடந்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

விளக்கு அணைந்தது. வேலை முடிந்தது என்ற வரி வந்தது. அப்போதுதான் பார்த்தேன், அன்றைக்கு இருந்த கலக்கத்தில் புதன்கிழமை ஃப்ளாப்பியை நான் போடவே இல்லை. மேசை மேலேயே கிடந்தது. அப்படியானால் ட்ரைவுக்குள் இருப்பது எது? பொத்தானை அமுக்கி வெளியே எடுத்தேன். காலையில் ஒரு கட்சிக்காரர், அவருடைய ஒப்பந்தத்தை ஏற்றித் தரச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போன ஃப்ளாப்பி. சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்.

மறுபடி உள்ளே போட்டுத் திறந்து பார்த்தேன். அவருடைய ஒப்பந்தத்துக்குப் பக்கத்தில், எங்கள் அலுவலகத்தின் அத்தனை கோப்புகளும் ஒரே சிறு பொட்டலமாக உட்கார்ந்திருந்தன. பூட்டு இல்லை. கடவுச்சொல் இல்லை. யார் பிரித்தாலும் பிரியும்.

ஃப்ளாப்பி வாங்கினால் கொடுத்தால் எழுதி வைக்க ஒரு நோட்டு இருந்தது. எடுத்துப் புரட்டினேன். பெரியவரின் உயிலை அடித்த நாளன்று ஒரு வரி இருந்தது. கணபதியில் மோட்டார் பம்புக்கு வார்ப்படம் செய்யும் ஒரு பட்டறையின் கூட்டு ஒப்பந்தம். காலையில் வாங்கினது, மாலையில் கொடுத்தது. உயில் அடித்த கலக்கத்தில் அன்றும் நான் ஃப்ளாப்பியை மாற்றாமலே சாப்பிடப் போயிருக்கிறேன். வாங்கிக்கொண்டவர் கையெழுத்தைப் பார்த்தேன். முன்னெழுத்து பெரியவரின் பெயருடையது.

சாரிடம் எல்லாவற்றையும் காட்டினேன். அவர் நோட்டையும் ஃப்ளாப்பியையும் மாறி மாறிப் பார்த்தார். பெரியவரின் இளைய மகன்தான் அந்தப் பட்டறையில் ஒரு பங்குதாரர். காட்டு விவசாயத்தை விட்டுவிட்டு வந்து பட்டறை போட்டதில் தகப்பனுக்கும் மகனுக்கும் ஆறு வருடமாகப் பேச்சில்லை. இருவரும் தன்னிடம்தான் வருகிறார்கள் என்பது சாருக்குத் தெரியும். ஆனால் இருவரும் ஒரே நாளில் என் மேசையைத் தொட்டுப் போனது யாருக்கும் தெரியாது. உயிலில் கையெழுத்துப் போட வரும்போது பெரியவரிடம் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றார் சார்.

"அவரு சாப்பிடறதில்லீங்க சார்," என்றேன். "அது வரைக்கும் இருப்பாரான்னு தெரியலீங்க."

சாரிடம் நான் எதிர்த்துச் சொன்னது அந்த ஒருமுறைதான். அவர் மேசை மேலிருந்த பேப்பர் வெயிட்டை நகர்த்தி வைத்துவிட்டு, போய் வா என்றார்.

பட்டறையில் தகரக் கூரைக்குக் கீழே அனல் அடித்தது. மகனுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். பெரியவரைப் போலவே நெற்றி. எந்த அலுவலகத்திலிருந்து வருகிறேன் என்று சொன்னதுமே அவருக்குப் புரிந்துவிட்டது. மறைக்கவில்லை. மேசை இழுப்பறையைத் திறந்து ஃப்ளாப்பியை எடுத்து என் கையில் வைத்தார். தன் ஒப்பந்தத்தைத் தேடும்போது தெரியாத ஒரு கோப்பு இருந்ததாகவும், பிரித்தால் அதில் அப்பாவின் பெயர் இருந்ததாகவும், அதை மட்டும் படித்ததாகவும் சொன்னார். மற்றதைத் தொடவில்லை என்றார். நம்பினேன். நம்புவதைத் தவிர வேறு வழியும் இல்லை.

"எனக்கொரு அக்கா இருந்துச்சுங்கறதே அதுலதானுங்க தெரிஞ்சுது. அப்பனுக்கு ஏதோ பெரிய நோவு, அதான் உயில் எழுதறாருன்னு நெனச்சேன். போயி ஒருக்காப் பாத்துப்போட்டு வரலாம்னு போனேன். வெறுங்கையோட நிக்க முடியலீங்க."

வெள்ளிக்கிழமை மதியம், அப்பா படுத்திருக்கும் நேரமாகப் பார்த்து, பின்பக்கத்து வேலிக் கடவு வழியாகப் போயிருக்கிறார். அந்தப் பூவைப் பெரியவர் என்னவென்று எடுத்துக்கொண்டார் என்பதை நான் சொன்னேன். அவர் கையிலிருந்த கந்தல் துணியால் விரல்களைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு கூட்டாளியிடம் ஏதோ சொல்லிவிட்டு, வண்டிச் சாவியை எடுத்தார்.

கேட்டைத் தாண்டுமுன் நான் கேட்டேன், விளக்கு எதற்கு வைத்தீர்கள் என்று. காலை ஊன்றி நின்றார்.

"என்ன விளக்குங்க? நா பூவு மட்டுந்தான் வெச்சேன்."

அந்த ஒரு வார்த்தையோடுதான் பஸ்ஸில் திரும்பினேன். கணபதியிலிருந்து காந்திபுரம் வரைக்கும் பக்கத்து சீட்டில் ஈரச் சேலையோடு ஒரு பெண் உட்கார்ந்து வந்தாள். மழையில் நனைந்தவள்தான். ஆனாலும் நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

வளர்பிறையில் பெரியவர் கையெழுத்துப் போட வந்தார். கூடவே அவருடைய மனைவியும் இளைய மகனும் வந்திருந்தார்கள். பெரியவர் காபி வாங்கிக் குடித்தார். சார் விளக்குச் சேதியைக் கேட்கத் தயங்கிக்கொண்டிருந்தபோது அந்த அம்மாவே சொன்னார். வெள்ளிக்கிழமை மதியம் மகன் திருட்டுத்தனமாக வேலிக் கடவு வழியாகப் போவதைத் மாட்டுத் தண்ணீர்த் தொட்டிப் பக்கமிருந்து பார்த்திருக்கிறார். அவன் போன பிறகு அந்த இடத்துக்குப் போய்ப் பூவைப் பார்த்திருக்கிறார். யாரும் எதுவும் சொல்லவில்லை. எண்ணிப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

"நாப்பது வருசத்துக்கு மேல கேட்டனுங்க. தெரிஞ்சு என்ன பண்ணப் போறேன்னு வாயடைச்சுப்போடுவாரு," என்றார். கோபமே இல்லாத குரல். அடுத்த வெள்ளிக்கிழமை அவர்தான் போய் விளக்கு வைத்துவிட்டு வந்திருக்கிறார். ஒரே வீட்டைச் சேர்ந்த மூன்று பேரும் ஒருவருக்கொருவர் ஒளித்துக்கொண்டு அந்த வெள்வேல மரத்துக்குப் போய் வந்திருக்கிறார்கள்.

பெரியவர் உயிலில் இடத்தைச் சொல்லும் வரிகளை எடுத்துவிடச் சொன்னார். இனிமேல் அதை எழுதி வைக்க வேண்டியதில்லை என்றார். நான் அழித்தேன். போகும்போது அவர் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, என் முகத்தைப் பார்த்து, "வாரேன் கண்ணு" என்றார். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

சார் அதோடு விஷயம் நல்லபடியாக முடிந்தது என்று விட்டுவிட்டார். எனக்குத்தான் முடியவில்லை. பெரியவரின் கோப்பு போன ஃப்ளாப்பியில் மற்றவர்களுடையதும் போயிருந்தது. அது போல இன்னும் எத்தனை போயிருக்கும்? நோட்டில் இரண்டு வருடத்தையும் திரும்பப் பார்த்தேன். மதியம் ஒரு மணிக்கு எங்கள் கையில் இருந்திருக்கக்கூடிய வெளியார் ஃப்ளாப்பிகள் இன்னும் ஏழு. ஏதோ ஒரு சாக்குச் சொல்லி அதில் ஆறைத் திரும்பக் கேட்டு வாங்கினேன். நான்கில் ஒன்றும் இல்லை. இரண்டில் பொட்டலம் இருந்தது.

அந்த இரண்டில் ஒன்று மதுக்கரையில் லாரி வாடகைக்கு விடும் ஓர் அலுவலகத்தில் இருந்தது. அங்கே கணக்குப் பார்ப்பவர் ஃப்ளாப்பியைக் கொடுத்துவிட்டு, டீ சாப்பிடச் சொன்னார். வேண்டாம் என்று எழுந்தபோது சாதாரணமாகக் கேட்டார்.

"ஏனுங்க, அந்த அம்மணி கேஸு என்னாச்சுங்க? புருசன் சூடு வெச்சுப்போட்டானே, அது."

நான் தெரியாது என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அந்தப் பெண் சாரிடம் சொல்லும்போது கதவைத் தாழிடச் சொன்னவள். முழங்காலுக்கு மேல் இருந்த வடுவை வாக்குமூலத்தில் எந்தச் சொல்லால் எழுதுவது என்று என்னிடம் தனியாக வந்து கேட்டவள். சிமெண்ட் தூசி படிந்த அந்தச் சாலையில் நடந்து வந்தபோது, பெரியவர் வீட்டில் நல்லதாக முடிந்ததற்கும் இதற்கும் காரணம் ஒன்றே என்று உணர்ந்தேன். அந்தப் பெண்ணிடம் சார் சொல்ல வேண்டாம் என்றார். நான் இரண்டு வாரம் கழித்து, அவள் வாய்தாவுக்கு வந்தபோது, சொல்லிவிட்டேன். அவள் என்னைத் திட்டவில்லை. அந்தக் கணக்குப் பார்ப்பவருக்குத் தன் ஊர் தெரியுமா என்று மட்டும் கேட்டாள்.

சர்வீஸ்காரரை வரவழைத்தோம். கடவுச்சொல் போட்டுவிடலாம், ஐந்து நிமிட வேலை என்றார். தானாக ஓடுகிற வேலையில் கடவுச்சொல்லை யார் அடிப்பார்கள் என்று கேட்டேன். அந்தக் கட்டளைகள் எழுதிய கோப்பிலேயே எழுதி வைத்துவிடுவேன் என்றார். அந்தக் கோப்பைத் திறந்து பார்த்தால்? தெரியும்தான், ஆனால் யார் பார்க்கப் போகிறார்கள் என்றார். யார் பார்க்கப் போகிறார்கள் என்று இருந்த ஃப்ளாப்பிகளைத்தான் ஏற்கெனவே இரண்டு பேர் பார்த்திருந்தார்கள்.

அதனால் ஒரு மணி வேலையை நிறுத்தச் சொன்னேன். சாயங்காலம் கிளம்பும் முன் நானே உட்கார்ந்து தொடங்குவேன். கடவுச்சொல்லை என் கையால் அடிப்பேன், எங்கும் எழுதி வைக்கவில்லை, சாருக்கு மட்டும் சொல்லி வைத்தேன். என்னென்ன கோப்புகள் உள்ளே போகின்றன என்று பெயர் பெயராகப் பார்ப்பேன். உயில்களை அந்தப் பட்டியலிலிருந்தே பிரித்து வேறு இடத்தில் வைத்தேன். வெளியார் ஃப்ளாப்பியில் வேலை முடிந்ததும் உடனே வெளியே எடுத்து, உள்ளே இருப்பதை ஒருமுறை திறந்து பார்த்து, உறையில் போட்டு ஒட்டிவிடுவேன். இதனால் ஐந்தரை பஸ் தவறி ஆறேகால் பஸ்ஸில்தான் போக முடிந்தது. அம்மா கொஞ்ச நாள் முணுமுணுத்தாள்.

ஏழாவது ஃப்ளாப்பி மட்டும் கிடைக்கவில்லை. அது பெருந்துறையில் தொழிற்பேட்டைக்குள் இருந்த ஒரு சின்னக் கம்பெனியுடையது. இரண்டு பஸ் மாறிப் போய்ப் பார்த்தால் இரும்புக் கேட்டில் பூட்டுத் தொங்கியது. பக்கத்துக் காவல்காரர், கம்பெனியை மூடி நான்கு மாதம் ஆகிறது என்றார். மேசை, நாற்காலி, கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் மொத்தமாக யாரோ ஈரோட்டுக்காரர் லாரியில் ஏற்றிக்கொண்டு போனாராம். பெயர் தெரியாது என்றார்.

கேட் இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தேன். காலியான கூடத்தில் ஒரு காலண்டர் மட்டும் காற்றில் சுவரைத் தட்டிக்கொண்டிருந்தது. அந்த ஃப்ளாப்பியில் எங்கள் பொட்டலம் இருந்ததா இல்லையா என்று எனக்கு இன்று வரை தெரியாது. நோட்டில் அந்த வரிக்கு எதிரே மட்டும் டிக் போடாமல் விட்டேன். பிறகு வக்கீல் அலுவலக வேலையை விட்டு வரும்போது, எனக்குப் பின் சேர்ந்த பெண்ணிடம் அந்த வரியைக் காட்டி, யாராவது கொண்டுவந்து கொடுத்தால் வாங்கி வைத்துக்கொள், திறக்காதே என்று சொல்லிவிட்டு வந்தேன்.